அறுபத்தோராம் கோடு

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவமனையில் கிடைத்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடைவாய்ப் பல் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னால் கிடந்த பழைய பத்திரிகை ஒன்றைப் புரட்டினேன். அதில் ஒரு கட்டுரை. சூரியனைப் போலவே இருக்கும் நட்சத்திரங்களைத் தேடிப் பிடித்து, அவற்றில் என்னென்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்று சூரியனோடு ஒப்பிட்டுப் பார்க்கிறவர்களைப் பற்றியது. அந்த நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றைவிட நம் சூரியனில், கல்லாகக்கூடிய பொருட்கள் கொஞ்சம் குறைவாம். இரும்பு, அலுமினியம், அந்த வகையறா. குறைந்தது எங்கே போயிற்று என்ற கேள்வியோடு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்.

பல்லைப் பிடுங்கினார்கள், வலி போயிற்று. கேள்வி மட்டும் போகவில்லை. வீட்டுக்கு வந்து முதல் வரி எழுத உட்கார்ந்தேன்.

அவள் அன்று காலை சூரியனைத் திறந்தபோது [வேண்டாம், அலங்காரம் தூக்கல். ஆனால் அவள் அலுவலகத்தில் நிஜமாகவே அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். சூரியன் அங்கே கணினியில் இருக்கும் ஒரு கோப்பு.]

கணவர் இறந்த பதினான்காம் மாதம் [இதுவும் வேண்டாம். எடுத்த எடுப்பிலேயே வாசகரின் கண்ணைக் கசக்க வைப்பது எனக்குப் பிடிக்காது.]

இந்தப் பேரண்டத்தின் பெருவெளியில் நாமெல்லாம் [எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அடிக்காமல் விட்டிருப்பது எனக்கு நானே கொடுத்துக்கொள்ளும் தண்டனை.]

சரி, சுற்றி வளைக்காமல் ஆளைக் காட்டிவிடுகிறேன்.

2

அவளுக்கு வேலை அளப்பது. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அளவுக்காரி என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடப் போகிறேன். பெயர் வைக்கச் சோம்பல் என்று நீங்கள் நினைத்தால் அது பாதி உண்மை.

தொலைநோக்கி எங்கோ ஒரு மலைமேல் இருந்தது. அவள் அதை நேரில் பார்த்தது இரண்டே முறை. அவளுடைய அறை மூன்றாம் மாடியில்: இரண்டு மேசை, இரண்டு திரை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே எதிர்க்கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் பிரித்து நீளமாக விரித்தால் அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் தெரியும். திரையில் அதே கோடுகள் பள்ளங்களாகத் தெரியும். சமமாக ஓடும் தடம் அங்கங்கே இறங்கி ஏறும். ஒவ்வொரு பள்ளமும் ஒரு பொருள். இது இரும்பு, இது கால்சியம், இது அலுமினியம். பள்ளம் பெரிதானால் பொருள் அதிகம். பள்ளத்தின் இடக்கரையில் ஒரு சொடுக்கு, வலக்கரையில் ஒரு சொடுக்கு. இயந்திரம் எண்ணைச் சொல்லிவிடும். ஒரு நட்சத்திரத்துக்குத் தொண்ணூற்றாறு கோடுகள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் கரை எங்கே தொடங்குகிறது என்பதில் ஆளாளுக்கு ஓர் எண்ணம். சிலர் கொஞ்சம் உள்ளே வைப்பார்கள், சிலர் கொஞ்சம் வெளியே. அதற்குக் 'கை' என்று பெயர். யார் கையும் முழு நேரில்லை. அதனால் அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு: நட்சத்திரத்தை அளந்த கையே சூரியனையும் அளக்க வேண்டும். கோணல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால், கழிக்கும்போது போய்விடும்.

அளவுக்காரியின் நாத்தனார் தையற்காரி. அண்ணன் குடும்பத்தோடு அதே வீட்டில் இருந்து, முன்னறையில் மெஷின் போட்டுத் தைப்பவள். இந்தச் சட்டத்தைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள்.

"இதுக்கு நட்சத்திரம் வரைக்கும் போகணுமா அண்ணி? ஒருத்தர் அளவெடுத்து இன்னொருத்தர் வெட்டினா சட்டை தோள்ல நிக்காது. இது எனக்குப் பதினாறு வயசுலயே தெரியும்."

* சூரியனை அந்தத் தொலைநோக்கியால் நேராகப் பார்க்க முடியாது, கருவி பொசுங்கிவிடும். அதனால் வானத்தில் சுற்றும் ஒரு குறுங்கோளில், அதாவது ஒரு பெரிய கல்லில், பட்டுத் திரும்பும் வெயிலைப் பிடித்து அளக்கிறார்கள். இதை வைத்து நான் இரண்டு பக்கம் தத்துவம் பேசியிருக்கலாம். பேசவில்லை, அதற்காவது பாராட்டுங்கள்.

3

இரண்டாவது மேசை அவள் கணவருடையது.

முதல் படியில் நான் அவரைச் சாகடிக்கவில்லை. தூரத்து அலுவலகம் ஒன்றுக்கு மாற்றல் கொடுத்து அனுப்பினேன். ஆனால் மாற்றலாகிப் போனவர் தொலைபேசியை எடுத்துத் தொலைப்பார், எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார், கதை நாலாம் பக்கத்தில் படுத்துவிடும். இரண்டாம் படியில் அவரை மேசையிலேயே முடித்தேன். காலை பதினொரு மணி. ஒரு பள்ளத்தின் இடக்கரையில் சொடுக்கியிருந்தார். வலக்கரைக்கு அவர் கை போகவில்லை. இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். ஒரு கதை நகர வேண்டும் என்பதற்காக ஓர் ஆளைக் கொல்வது அவ்வளவு நல்ல பழக்கமில்லை.

இருந்த காலத்தில் அவர் சூரியனை அளந்தார், அவள் நட்சத்திரங்களை அளந்தாள். சட்டப்படி தப்பு. ஆனால் இருவரும் ஒருநாள் உட்கார்ந்து ஒரே கோடுகளைத் தனித்தனியே அளந்து, இரண்டு கைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கண்டுபிடித்தார்கள். அவர் கரையைக் கொஞ்சம் உள்ளே வைப்பார், அவள் கொஞ்சம் வெளியே. நூற்றுக்கு இரண்டு. ஒவ்வொரு முறையும் அதைக் கழித்துவிடுவார்கள். புருஷன் பெண்டாட்டி விட்டுக்கொடுத்துப் போவதற்கு நூற்றுக்கு இரண்டு குறைவுதான் என்று அலுவலகத்தில் கேலி நடந்தது.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. விரல் வேகம். பக்கத்துப் பக்கத்து எண்களை இடம் மாற்றித் தட்டிவிடுவார். அவர் சொந்தக் கல்யாண அழைப்பிதழில் தேதி பன்னிரண்டு, இருபத்தொன்றாகப் போய், ஒன்பது நாள் கழித்துப் பரிசுப் பொட்டலத்தோடு வந்து நின்றவர்கள் இரண்டு பேர்.

அந்தப் பழக்கம் அவருடைய சூரிய அட்டவணையிலும் இருந்தது. அறுபத்தோராம் கோடு, அலுமினியம். கைப்பட எழுதிய நோட்டில் 43.7. அட்டவணையில் 47.3. அவர் போன மூன்றாம் மாதம் மேசையை ஒழிக்கும்போது அளவுக்காரி அதைக் கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கோட்டைக் கணக்கில் சேர்க்காமல் நைசாக விட்டுவிடுவாள். அந்த அலுவலகத்திலிருந்து போகும் ஒவ்வொரு கட்டுரையிலும், சூரியனை அளந்தவர் என்று அவர் பெயர் இருந்தது. உலகத்தில் அவர் பெயர் இன்னும் வேலை செய்துகொண்டிருந்த ஒரே இடம் அது. ஒரு தப்பு எண்ணுக்காக அதை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவளை இங்கே நல்லவளாகக் காட்ட நான் மெனக்கெடவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

4

இயக்குநரை எல்லோரும் 'சுத்தம்' என்பார்கள், முதுகுக்குப் பின்னால். எதைக் காட்டினாலும் "சுத்தமா இருக்கணும்" என்பார். ஒரு திங்கட்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கட்டுரையைச் சரிபார்த்த வெளியாள், இரண்டு கைகள் கலந்திருப்பதைப் பிடித்துவிட்டார். சூரியனையும் அவளே அளக்க வேண்டும், பழைய அட்டவணையை எடுத்துவிட வேண்டும், அடுத்த செவ்வாய்க்குள்.

"எனக்கும் அவர் மேல மரியாதை இல்லாம இல்லம்மா. ஆனா கணக்கு சுத்தமா இருக்கணும் இல்லையா?"

"அவர் பேரு, சார்?"

"நன்றின்னு கடைசியில போட்டுக்கலாம்."

 கையில் இருக்கும் நட்சத்திரத்தை முடித்துவிட்டுச் சூரியனைத் தொடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

பயப்பட வேண்டிய இடம் இது. இந்த மாதிரிக் கதைக்கு நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்பார்கள். மன்னிக்கவும், அந்த அலுவலகம் காலை ஒன்பதரைக்குத் திறந்து மாலை ஐந்தரைக்குப் பூட்டுவது. இது நடந்தது மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நல்ல வெயிலில். எதிர்க்கட்டடத்தில் யாரோ தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நட்சத்திரத்துக்குப் பெயர் கிடையாது, பட்டியலில் ஓர் எண். அவள் தொண்ணூற்றாறு கோடுகளையும் அளந்தாள். கைப்பழக்கத்தில் அறுபத்தொன்றையும் சேர்த்தே அளந்துவிட்டாள். பிறகு அவர் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக் கழித்தாள்.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம்.

சூரியனைப் போன்ற நட்சத்திரம் என்றால் வித்தியாசம் சிறிதாக இருக்கும். இல்லாமலே இருக்காது. அவளுக்குப் பத்தொன்பது வருட அனுபவம். ஒரே நட்சத்திரத்தை இரண்டு நாள் அளந்தாலே கடைசி இலக்கம் ஆடும். இங்கே திரையின் மேலிருந்து கீழ் வரை பூஜ்யங்கள் வரிசை கட்டி நின்றன. நூற்றுக்கு இரண்டை இன்னும் கழிக்கக்கூட இல்லை. சூரியனில் குறைகிற கல் இந்த நட்சத்திரத்திலும் அதே அளவு குறைந்தது.

அவள் மெதுவாக அறுபத்தோராம் வரிக்கு வந்தாள். நோட்டில் இருந்த 43.7 அல்ல, அட்டவணையில் இருந்த 47.3. நட்சத்திரத்திலும் 47.3. வித்தியாசம் பூஜ்யம்.

ஒரு நட்சத்திரம் சூரியனைப் போல இருக்கலாம். செத்துப்போன ஒரு மனிதர் தட்டச்சில் செய்த தப்பைப் போல எப்படி இருக்கும்? அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

நீங்கள் நினைப்பதைத்தான் அவளும் முதலில் நினைத்தாள்: நட்சத்திரத்துக்குப் பதில் சூரியனையே திறந்துவிட்டோம். பார்த்தாள். அந்த நட்சத்திரம் நம்மைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருப்பது, அதனால் கோடுகள் எல்லாம் சிவப்புப் பக்கமாகச் சற்றுத் தள்ளியிருக்கும். தள்ளித்தான் இருந்தன. கோப்பு சரி. சூரியனையே திறந்திருந்தாலும் 43.7க்குப் பக்கத்தில்தான் வந்திருக்க வேண்டும், அந்தத் தப்பு எண் வந்திருக்க முடியாது.

அறுபத்தொன்றை மட்டும் மறுபடி அளந்தாள். 47.3. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அளந்தாள். 47.3. பக்கத்திலேயே இன்னோர் அலுமினியக் கோடு இருந்தது, அறுபத்திரண்டு. அது சூரியனில் எவ்வளவோ அவ்வளவுதான் இருந்தது. ஒரே பொருள் ஒரு கோட்டில் கூடி, பக்கத்துக் கோட்டில் கூடாமல் இருக்க நியாயமில்லை. இடக்கையால் அளந்து பார்த்தாள். எண்கள் தாறுமாறாக வந்தன. அதில் அவளுக்கு ஒரு நிம்மதி. வலக்கையால் அளந்தாள். 47.3.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம் வந்தது. இவள் வேண்டுமென்றே செய்கிறாளோ? அட்டவணையைக் காப்பாற்ற எண்களைத் தட்டிவிட்டு எனக்கும் கதை விடுகிறாளோ? ஒரு முழு நாள் அவளை இப்படி வேவு பார்த்தேன். அவள் பொய் சொல்வதாக எழுதிய பக்கங்கள் இரண்டு என்னிடம் இருக்கின்றன. அவற்றில் அவள் தன் கையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதில் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். நான் இதை நம்புகிறேன்.]

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நாத்தனாரிடம் நட்சத்திரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மாறியிருக்கிறேனா என்று மட்டும் கேட்டாள். நாத்தனார் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே, எந்த மாதிரி என்று கேட்டாள். ஏதாவது, என்றாள் இவள்.

"வாசக்கதவைப் பூட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறீங்க. அண்ணன்தான் அப்படிச் செய்வான்."

"எப்பலேருந்து?"

நாத்தனார் மெஷினை நிறுத்தினாள்.

"ஒரு வருஷமாச்சு அண்ணி. பேனாவைக் காதுல செருகறீங்க. கடைக்காரர் நம்பர் கேட்டா மாத்திச் சொல்றீங்க. தெரிஞ்சுதான் செய்றீங்கன்னு இருந்துட்டேன். எனக்கும் அவன் வீட்டுல இருக்கற மாதிரி இருந்துச்சு, அதான் சொல்லல."

அளவுக்காரி காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். பேனா இருந்தது.

5

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் ஓட்டை இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலாவது, புத்திசாலிகளுக்கு. பதினான்கு மாதம் அந்த அட்டவணையைத் தினமும் பார்த்திருக்கிறாள். எண்கள் மனதில் ஊறிவிட்டன. கண்ணுக்குத் தெரியாமல் மனம் கையை இழுத்துக்கொண்டு போய் அந்தந்த இடத்தில் நிறுத்துகிறது. சோகம் அப்படியெல்லாம் செய்யும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தொண்ணூற்றாறு கோட்டில், கடைசி இலக்கம் பிசகாமல்? முயற்சி செய்து பாருங்கள், எனக்கும் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தக் கிழிந்த பக்கத்துக்காக. சூரியனில் குறைந்த கல்தான் பூமியும் மற்றக் கோள்களும் ஆயிற்று என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்கிறவர்கள் பக்கம் நின்று யோசித்தால், அந்த நட்சத்திரத்திலும் அதே அளவு கல் குறைகிறது. அப்படியானால் அங்கேயும் ஒரு பூமி. அங்கேயும் ஒரு மூன்றாம் மாடி, இரண்டு மேசை. அங்கே அவர் உட்கார்ந்து நம் சூரியனை அளந்துகொண்டிருக்கிறார், விரல் வேகத்தில் இரண்டு எண்களை இடம் மாற்றித் தட்டிவிடுகிறார். அங்கே காலியாக இருப்பது அவளுடைய மேசை.

இதை எழுதும்போது எனக்கு அழுகை வந்தது, அதனாலேயே இதை நான் நம்பவில்லை.

மூன்றாவது, நாத்தனார் சொன்னதைப் பிடித்துக்கொண்டு. நட்சத்திரத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான். அவர் கரைகளை வைத்த இடத்தில் இப்போது அவள் வைக்கிறாள், அவர் தப்பு செய்த இடத்தில் தப்பு செய்கிறாள். நூற்றுக்கு இரண்டு என்று இருந்த இடைவெளி மூடிவிட்டது. அப்படியானால் அவள் போய்ச் சூரியனை அளந்தாலும் அவருடைய அட்டவணைதான் வரும், வரிக்கு வரி. சுத்தத்துக்குச் சந்தோஷம். அட்டவணை பிழைத்துவிடும், பெயர்தான் மாறும். ஆனால் பத்தொன்பது வருடம் கரையைக் கொஞ்சம் வெளியே வைத்துக்கொண்டிருந்த அந்தக் கை எங்கே போயிற்று? அதைத் தேட ஓர் அட்டவணையும் இல்லை.

* மூன்றாவதை நினைத்தால்தான் எனக்கு அதிகமாகப் பயம். ஒரு சோதனையில் எல்லாம் தெரிந்துவிடும்: சூரியனை அவளே அளக்க வேண்டும். அதைத்தான் அவள் ஆறு நாளாகச் செய்யவில்லை. நானும் எழுதவில்லை. எங்கள் இருவரில் யார் யாரைத் தடுத்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

7

கெடு வைத்த செவ்வாய் வந்தது. சுத்தம் காலையிலேயே கதவருகில் வந்து நின்றார்.

"முடிஞ்சிடுமாம்மா இன்னைக்கு?"

"முடிச்சிடறேன் சார்."

அவர் போனதும் அவள் சூரியனைத் திறந்தாள். பார்த்தீர்களா, முதலில் வேண்டாம் என்று ஒதுக்கிய வரியில் வந்து நிற்கிறேன். ஒரு கல்லின் மேல் என்றோ பட்டுத் திரும்பிய வெயில், திரை முழுவதும் மேடும் பள்ளமுமாக விரிந்தது. அவள் பேனாவைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். அவருடைய அட்டவணை இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கோடு ஒன்று. கோடு இரண்டு. எண்கள் கண்ணில் படாமலிருக்க, அவை வரும் திரை ஓரத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டாள். எனக்கும் தெரியவில்லை, நானும் அவள் தோளுக்குப் பின்னால்தான் நிற்கிறேன்.

அறுபது வரை வந்துவிட்டாள். பதினொரு மணி.

அறுபத்தொன்று. அவளுக்கு இரண்டும் தெரியும். 43.7ஐவிட அந்த நூற்றுக்கு இரண்டு கூடுதலாக வந்தால் அது அவள் கை. அவர் பெயர் கட்டுரையிலிருந்து போய்விடும். அன்று நட்சத்திரத்தில் வந்தது யார் என்று கேட்க ஆளில்லாமல், மீதி நாட்களை அவள் தனியாகவே இருந்து முடிக்க வேண்டும். 47.3 வந்தால் அவர் இங்கேதான் இருக்கிறார். அப்போது இல்லாமல் போனவள் அவள். எது வர வேண்டும் என்று அவள் மனதுக்குள் வேண்டிக்கொண்டாள் என்பதை நான் கேட்டேன். அதை மட்டும் சொல்ல மாட்டேன்.

இடக்கரையில் சொடுக்கினாள்.

இந்த இடத்தில் நான் ஒருமுறை ஓர் ஆளை விட்டுவிட்டுப் போயிருக்கிறேன், அதே பதினொரு மணிக்கு. இன்னொரு முறை என்னால் முடியாது. அவளை உயிரோடு வலக்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். என் கையை நம்பி அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. காரணம் இருக்கிறது.

நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்தக் கதையில் நான்காம் பகுதிக்குப் பிறகு ஆறு வருகிறது, அதற்குப் பிறகு ஐந்து. நான் ஐந்து, ஆறு என்று ஒழுங்காகத்தான் போட்டேன். படித்துப் பார்த்தபோது மாறியிருந்தது. திருத்தினேன். மறுநாள் மறுபடி மாறியிருந்தது. மூன்றாம் முறை திருத்தவில்லை. அவள் அந்தக் கோட்டை விட்டதுபோல நானும் விட்டுவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதனால் வலக்கரை உங்களுடையது. பள்ளம் ஏறி முடிகிற இடம் எது என்று உங்களுக்குப் படுகிறதோ அங்கே வைத்துவிடுங்கள், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள். வைப்பதற்கு முன் ஒரு நிமிடம் உங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இன்று காலை வாசற்கதவைப் பூட்டிவிட்டு, அதை எத்தனை தடவை இழுத்துப் பார்த்தது?